எங்கள் மலையில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது?



இந்த இதழில் அடுப்பங்கரைப் பாடம் ஒன்றைப் படிப்போம். பாடத்தின் பெயர் கொதிநிலை. "தண்ணி கொதிக்கிறது யாருக்குத் தெரியாது? இதுக்கு ஒரு பாடமா?" என்று கேட்பீர்கள். விடியுமுன் எழும்பி அடுப்பு மூட்டும் ஒவ்வொரு தாய்க்கும் அது தெரியும்தான். ஆனால் லயங்களுக்கு நாம் போய்வரும்போது மூன்று கேள்விகள் அடிக்கடி காதில் விழுகின்றன.

ஒன்று: "கொழும்பில தங்கச்சி வீட்டுல கடலை சுருக்கா வேகுது. இங்க மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"

இரண்டு: "நம்ம மலையில தண்ணி நூறு பாகைக்கு முன்னாடியே கொதிச்சிடும்னு மகன் படிச்சிட்டு வந்து சொல்றான். அப்ப கிருமி சாகாதா?"

மூன்று: "நெருப்பைக் கூட்டி வச்சா சீக்கிரம் வெந்துடும்தானே?"

இந்த மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் விறகு மிஞ்சும், நேரம் மிஞ்சும், பிள்ளைகளின் வயிறும் நன்றாக இருக்கும்.

கொதிப்பது என்றால் என்ன?

கேத்தலில் தண்ணீரை வைத்து அடுப்பை மூட்டுகிறோம். முதலில் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். இவை தண்ணீருக்குள் கரைந்திருந்த காற்று. இது கொதிப்பு ஆகாது. பிறகு சத்தம் வரும், லேசாக ஆவி பறக்கும். இதுவும் கொதிப்பு ஆகாது. கடைசியில் அடியிலிருந்து பெரிய குமிழிகள் கிளம்பி, மேலே வந்து உடைந்து, தண்ணீர் முழுவதும் புரளும். அதுதான் கொதிப்பு. அந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அந்தச் சூட்டின் அளவே கொதிநிலை.

குமிழிக்குள் இருப்பது நீராவி. அந்த ஆவி தண்ணீருக்குள்ளேயே குமிழியாக விரிய வேண்டுமானால், மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரத்தை அது தள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும். காற்றுக்குப் பாரம் உண்டா? உண்டு. நம் தலைக்கு மேலே பல மைல் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. கடற்கரையில், ஒரு விரல் நகத்தின் அளவான இடத்தின் மேல், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றர் மேல், அந்தக் காற்றின் பாரம் ஏறக்குறைய 1 கிலோ. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் வளிமண்டல அமுக்கம் என்கிறார்கள்.

மலை ஏற ஏற நமக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது. அதே நகத்தளவு இடத்தில் ஹட்டனில் 890 கிராம் அளவுதான் பாரம். நுவரெலியாவில் 820 கிராம் அளவு. கொழும்போடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

கொழுந்துக் கூடை நிறைந்திருந்தால் எழும்பி நிற்க எவ்வளவு பலம் வேண்டும்? பாதிக் கூடை என்றால் சுலபமாக எழும்பிவிடலாம். தண்ணீரும் அப்படித்தான். மேலே பாரம் குறைவாக இருந்தால், அதிகம் சூடேறாமலே கொதிக்கத் தொடங்கிவிடும்.

இடமும் கொதிநிலையும்

கொழும்பில் ரயில் ஏறி மலைநாட்டுக்கு வருவதாக நினைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும், அதாவது 1,000 அடிக்கும், கொதிநிலை 1 பாகை குறையும். (இங்கே பாகை என்றால் செல்சியஸ் பாகை.)

கொழும்பு, கடல் மட்டம் – 100 பாகை
கண்டி, சுமார் 500 மீற்றர் – 98 பாகை
ஹட்டன், சுமார் 1,270 மீற்றர் – 96 பாகை
நானுஓயா, சுமார் 1,600 மீற்றர் – 94½ பாகை
நுவரெலியா, 1,868 மீற்றர் – 94 பாகை
சிவனொளிபாதமலை உச்சி, 2,243 மீற்றர் – 92½ பாகை
பீதுருதாலகால உச்சி, 2,524 மீற்றர் – 91½ பாகை

கால் அரைப் பாகை முன்பின் இருக்கலாம், மழைநாளுக்கும் வெயில்நாளுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. உலகத்திலேயே உயரமான எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் 70 பாகைக்குச் சற்று மேலேயே கொதித்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1742ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் அண்டர்ஸ் செல்சியஸ் தம் வெப்பமானி அளவை வகுத்தபோதே, காற்றின் அமுக்கம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதைக் கணக்கில் எடுத்தார். அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள்தான் அதைத் திருப்பிப் போட்டார்கள். பழைய காலத்து மலை யாத்திரிகர்கள் இதையே உயரம் அளக்கும் கருவியாகவும் பயன்படுத்தினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்து, "இந்த மலை இத்தனை அடி" என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

முதல் கேள்வி: கடலை ஏன் வேகவில்லை?

இப்போது விடை உங்களுக்கே தெரிந்திருக்கும். கொழும்புத் தங்கச்சியின் பானையில் கடலை 100 பாகையில் வேகிறது. நுவரெலியாப் பக்கத்து அக்காவின் பானையில் அதே கடலை 94 பாகையில் கிடக்கிறது. இரண்டு பானையும் ஒரே மாதிரிக் கொதிப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். சூடு ஒன்றல்ல. சூடு குறைந்தால் வேகும் நேரம் கூடும். கடலை, கவுப்பி, பயறு, முழு உழுந்து போன்ற கெட்டியான தானியங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சார்ள்ஸ் டார்வின் என்ற பெரிய அறிஞர் 1835ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையைக் கடந்து போனார். உயரமான ஓரிடத்தில் இராத்தங்கினார்கள். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றி இரவு முழுக்க விட்டார்கள். காலையில் மறுபடியும் கொதிக்கவைத்தார்கள். அப்படியும் கிழங்கு வேகவில்லை. கூட வந்த ஆட்கள் இருவர், பானை புதுசு, அந்தப் பாழாய்ப்போன பானைக்குத்தான் கிழங்கை வேகவைக்க மனசில்லை என்று பேசிக்கொண்டார்களாம். குற்றம் பானையில் இல்லை, மலையின் உயரத்தில் இருந்தது.

நம் மலை அந்தீஸ் அளவு உயரமில்லை. நுவரெலியாக் கிழங்கு நுவரெலியாவிலேயே நன்றாக வேகும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்காரி சோம்பேறி என்றோ, சமைக்கத் தெரியாதவள் என்றோ யாரும் குறை சொல்ல இடமில்லை. அண்ணன்மார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்!

மூன்றாவது கேள்வியை முன்னால் பார்ப்போம்: நெருப்பைக் கூட்டினால்?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு, எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதன் சூடு கூடாது. நுவரெலியாவில் 94 பாகை என்றால், அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தாலும் 94தான், மெல்ல எரிந்தாலும் 94தான். மேலதிகமாகக் கொடுக்கும் நெருப்பெல்லாம் தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு அனுப்புவதற்கே செலவாகிறது.

அந்தச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லீற்றர் பீலித்தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு வெப்பம் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக ஏழு பங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அதாவது, பானை "தளதள" என்று கொதிக்கக் கொதிக்க, நாம் மலையிலிருந்து தலையில் சுமந்து வந்த கவ்வாத்து மிளாறு கடலைக்குப் போகாமல் ஆவியாகப் போகிறது. கூடவே காம்பரா முழுக்கப் புகை. அந்தப் புகை தாயின் நெஞ்சுக்கும் முதுகில் தூங்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நல்லதல்ல. கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், சிலிண்டர் சீக்கிரம் முடியும்.

எனவே செய்ய வேண்டியது இவைதான்:

1. கடலை, கவுப்பி, பயறு எதுவானாலும் முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். ஊறியது பாதி வெந்ததற்குச் சமம்.
2. கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்து, மெல்லிய நெருப்பில் விடுங்கள். குமிழி வந்துகொண்டிருந்தால் போதும்.
3. மூடி போடுங்கள். ஆவி வெளியேறாமல் இருந்தால் தண்ணீரும் வற்றாது, விறகும் மிஞ்சும்.
4. புளி, தக்காளி, கொறக்கா இவற்றை வெந்த பிறகே போடுங்கள். புளிப்பு முந்திச் சேர்ந்தால் பருப்பு கெட்டியாகவே நிற்கும்.
5. "உப்புப் போட்டா சூடு கூடும்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் கொதிநிலை கூடுவது பத்தில் ஒரு பாகை அளவுதான். ருசிக்கு உப்புப் போடுங்கள், சூட்டுக்காக வேண்டாம்.

மலை வீட்டுக்கு மிகவும் பொருத்தமான பாத்திரம் பிரஷர் குக்கர். 1679ஆம் ஆண்டு டெனிஸ் பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இதன் மூதாதையான பாத்திரத்தை உண்டாக்கினார். ஆவியை உள்ளேயே அடைத்தால் அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் கொதிநிலையும் கூடும். சாதாரண வீட்டுக் குக்கருக்குள் கொழும்பில் 120 பாகை வரும், நுவரெலியாவில் 117 பாகை அளவு வரும். 94 எங்கே, 117 எங்கே! கடன்பட்டு வாங்கச் சொல்லவில்லை. சீட்டுக்காசு கைக்கு வரும்போது இதையும் ஒரு தேவையாக எண்ணிப் பாருங்கள். ஆவி போகும் துவாரத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டாவது கேள்வி: 94 பாகையில் கிருமி சாகுமா?

சாகும். பயப்பட வேண்டாம். "இங்க நூறு வராது, அதனால கொதிக்கவச்சும் பிரயோசனமில்ல" என்று நினைத்து யாராவது பச்சைத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால், அதைவிட ஆபத்து வேறில்லை.

வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு இவற்றை உண்டாக்கும் கிருமிகள் 65, 70 பாகையிலேயே சில நிமிடங்களில் செத்துப்போகும். பாலைக் கிருமி நீக்கும் ஆலைகளில் 72 பாகையில் 15 விநாடிதான் சூடாக்குகிறார்கள். செங்கண்மாரியைக் கொண்டுவரும் ஏ வகை வைரஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதுவும் 85 பாகையில் ஒரு நிமிடம் நின்றால் ஒழிந்துபோகும். நம் தோட்டங்களில் எந்த உயரத்தில் கொதித்தாலும் 90 பாகைக்கு மேல்தானே? ஆகவே பொங்கிப் புரளக் கொதித்த தண்ணீர் பாதுகாப்பான தண்ணீர்.

எவ்வளவு நேரம்? 2,000 மீற்றருக்குக் கீழே ஒரு நிமிடம், அதற்கு மேலே மூன்று நிமிடம் என்பது சுகாதாரத் துறையினர் பின்பற்றும் ஒரு வழிகாட்டல். உயரத்தை யார் அளந்துகொண்டிருப்பது? எல்லா வீட்டிலும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம், இருபது நிமிடம் கொதிக்கவிடத் தேவையில்லை. அது வீண் விறகு.

ஆனால் கெடுதல் பெரும்பாலும் கொதித்த பிறகுதான் வருகிறது. கவனியுங்கள்:

• கொதித்த தண்ணீரை ஆற்றுவதற்குப் பீலித்தண்ணி கலப்பது பெரிய பிழை. ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள்.
• கொதிக்கவைத்த பாத்திரத்திலேயே வைத்திருப்பது நல்லது. வேறு குடத்துக்கு மாற்றினால், அந்தக் குடத்தைக் கொதிநீரால் கழுவிவிட்டு மாற்றுங்கள்.
• கையையோ கோப்பையையோ உள்ளே விட்டு மொள்ளாதீர்கள். சரித்து ஊற்றுங்கள், அல்லது பிடி நீண்ட அகப்பை வையுங்கள்.
• மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால், தெளியவிட்டு, மடித்த சுத்தமான துணியில் வடித்துப் பிறகு கொதிக்கவையுங்கள்.
• மலைக்கு வேலைக்குப் போகும்போது போத்தலில் கொதித்தாறிய நீரையே கொண்டுபோங்கள். பிள்ளைக் காம்பராவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதையே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கொதிக்கவைப்பது கிருமியைத்தான் கொல்லும். புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சிமருந்து, உரம் இவை தண்ணீரில் கலந்திருந்தால் கொதித்தாலும் போய்விடும் என்று நம்பக்கூடாது. தண்ணீர் வற்ற வற்ற, அதில் மிஞ்சி நிற்கும் உப்பும் உரமும் இன்னும் செறிவாகும். மருந்துக் கலனைப் பீலியிலோ ஓடையிலோ கழுவக் கூடாது என்று சொல்வது இதனால்தான். தண்ணீரில் மருந்து மணமோ நிறமாற்றமோ கண்டால் அதைக் குடிக்காமல் உடனே தோட்ட அலுவலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

வேறு திரவங்கள்

ஒவ்வொரு திரவத்துக்கும் தன் தன் கொதிநிலை உண்டு. வீட்டில் புழங்குபவற்றைப் பார்ப்போம்.

பால்: பெரும்பகுதி தண்ணீர்தான், கொதிநிலையும் கிட்டத்தட்ட அதேதான். மேலே ஆடை படிந்து ஆவியை அடைப்பதால் திடீரென்று பொங்கி வழிகிறது.

தேங்காய் எண்ணெய்: இது தண்ணீரைப் போலக் கொதிக்காது. 175 பாகை அளவில் புகையத் தொடங்கும், இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். "எண்ணெய் கொதிக்குது" என்று நாம் சொல்லும்போது கேட்கும் சடசட சத்தம், அதில் விழுந்த பண்டத்தின் தண்ணீர் ஆவியாகும் சத்தமே. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் 1,600 பங்குக்கு மேல் விரியும். அதனால்தான் தீப்பிடித்த தாச்சிக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெயை அது கூரைவரை தூக்கி எறியும். பதறாமல் ஒரு மூடியால் தாச்சியை மூடி, அடுப்பை அணையுங்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல்: மண்ணெண்ணெய் 150 பாகையளவில்தான் கொதிக்கத் தொடங்கும். பெற்றோலின் லேசான பகுதி 40 பாகைக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் பெற்றோல் மணம் தூரத்திலேயே வருகிறது, தீயும் தூரத்திலேயே பற்றுகிறது. குப்பி லாம்புக்கோ மண்ணெண்ணெய் அடுப்புக்கோ ஒரு துளி பெற்றோலும் கலக்காதீர்கள்.

சாராயச் சத்து: மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும். கண்ணைக் குருடாக்கி உயிரையும் எடுக்கும் மெதனோல் 65 பாகையில் கொதிக்கும். "விஷம் முதல்லயே ஆவியாப் போயிடும், பின்னால வடியிறது சுத்தம்" என்று கசிப்புக்காரர் சொல்வது பொய். இரண்டும் கலந்தே வடியும். மணத்தாலோ ருசியாலோ பிரித்தறிய முடியாது. அந்தப் பேச்சை நம்பி யாரும் உயிரை விட வேண்டாம்.

சுட்டுவிட்டால்

94 பாகைத் தண்ணீர் என்று இளக்காரமாக எண்ண வேண்டாம். பிள்ளையின் தோலை ஒரு நொடியில் வேகவைத்துவிடும். ஆவி அதைவிடப் பொல்லாதது. தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன்னிடம் சேர்த்துவைத்திருக்கும் அந்த ஏழு பங்கு வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். சுட்ட இடத்தைக் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், கோப்பித்தூள் எதுவும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள். கேத்தலையும் பானையையும் பிள்ளை கைக்கு எட்டாத பக்கம் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ணாடி வெப்பமானி இருந்தால், ஆசிரியரோடு சேர்ந்து உங்கள் ஊர்த் தண்ணீரின் கொதிநிலையை அளந்து பாருங்கள். 100இலிருந்து எத்தனை பாகை குறைவோ, அதை 300 ஆல் பெருக்குங்கள். உங்கள் பள்ளிக்கூடம் ஏறக்குறைய எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் போடாதீர்கள், அது வெடித்துவிடும்.

கீழே உள்ள கேள்விகளுக்கு அம்மா, அப்பாவோடு பேசி விடை சொல்லுங்கள்:

1. ஹட்டனிலும் கொழும்பிலும் ஒரே நேரத்தில் முட்டை அவிக்கப் போட்டால், எது பிந்தி வேகும்?
2. கொதிக்கும் பானைக்கு அடியில் இன்னும் இரண்டு விறகு தள்ளினால், தண்ணீரின் சூடு எத்தனை பாகை கூடும்?
3. கொதித்த தண்ணீரை ஆற்றச் சரியான வழி எது?

விடைகள்: 1. ஹட்டனில் போட்டது. 2. ஒரு பாகையும் கூடாது. 3. மூடி வைத்துத் தானாக ஆறவிடுவது.

தேத்தண்ணிப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் மலையில் தண்ணீர் 94, 96 பாகையிலேயே கொதித்துவிடுவதால், இறக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் சூடு இன்னும் இறங்கிவிடும். கொதித்த கையோடு தேயிலைக்கு ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். நம் கையால் பறித்த கொழுந்தின் சாயமும் மணமும் அப்போதுதான் முழுவதும் இறங்கும்.